நாற்பத்தெட்டு ஆம்ப்ஸ்

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கழுத்தில் மாலையும் இடுப்பில் பட்டு வேட்டியுமாக ஒரு மாப்பிள்ளை காரைத் தள்ளுகிற காட்சியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திருவரங்குளம் சுற்று வட்டாரத்தில் அதைப் பார்க்காதவர்களே கிடையாது. எவனோ ஒரு புண்ணியவான் செல்போனில் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு கையில் நாதஸ்வரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிக்கியைத் தள்ளுகிறார். தவில்காரர் தள்ளவில்லை. சிரிக்கிறார். ஸ்டீரிங்கில் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே ஒரு பெண், அவள்தான் அமுதவல்லி.

திருவரங்குளம் கார் ஸ்டாண்டில் ஏழு வண்டிகள் நிற்கும். ஆறுக்கு ஆம்பளை டிரைவர்கள், ஏழாவது அமுதவல்லியுடையது. ஒன்பது வருசமாக ஓட்டுகிறாள். திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவள் வண்டியில் போய் பிளேனைத் தவறவிட்டவன் ஒருவனும் கிடையாது. பிரசவ வலியோடு ஏறியவர்களைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள், ஒரு குழந்தைகூட வண்டிக்குள் பிறந்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். ஏன் சொல்லிக்கொள்ளக் கூடாது?

ஆனால் அவள் வண்டிக்கு ஊரில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஏர்போர்ட்டும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. மாப்பிள்ளை அழைப்பு. அவள் புருசன் அருள்மணி ரேடியோ செட்டும் சீரியல் பல்பும் கட்டுகிறவன். அழைப்பு ஊர்வலத்துக்கு அவள் காரை அவன் அலங்காரம் பண்ணினால், அடேயப்பா, தேர் கெட்டது போங்கள். கூரையில் பூ வடிவ விளக்கு, பக்கவாட்டில் ஓடுகிற விளக்கு, சக்கரத்துக்கு மேலே மயில். எல்லாம் வண்டியின் பேட்டரியிலிருந்தே எரியும். தனியாக ஜெனரேட்டர் வண்டி பின்னால் புகை கக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அதற்காகவே அவளைத் தேடி வந்து வண்டி பேசுவார்கள்.

ஊர்வலம் என்றால் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். அதைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும். நாதஸ்வரம் நின்று வாசிக்கும், பெண்கள் நடந்து வருவார்கள், வண்டி அவர்களோடு சேர்ந்து ஊர்ந்து வர வேண்டும். இதில் இரண்டு பழக்கம் உண்டு, யாரும் மீற மாட்டார்கள். வண்டியில் ஏறிய மாப்பிள்ளை மண்டபத்தில் இறங்குகிற வரைக்கும் கால் தரையில் படக்கூடாது. இன்னொன்று, சிவன் கோயில் வாசலில் தீபாராதனை முடிகிற வரைக்கும் இஞ்சினை அணைத்து வைக்க வேண்டும்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் அமுதவல்லி கோயில் வாசலில் இஞ்சினை அணைத்தாள். தீபாராதனை முடிந்தது. சாவியைத் திருப்பினாள். டொக். அவ்வளவுதான். விளக்கெல்லாம் செத்துப்போச்சு. மாப்பிள்ளைப் பையன் பாவம், நல்லவன், யாரும் சொல்வதற்கு முன்னால் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பையன் இன்றைக்குப் பொண்டாட்டியோடு ஊட்டிக்குப் போய்ச் சிரித்துச் சிரித்து போட்டோ போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? "அந்தப் பொம்பள வண்டில ஏறுனா மாப்பிள்ள தள்ளணும்ப்பா." ஆவணிக்குப் பேசியிருந்த நாலு கல்யாணத்தில் மூன்று பேர் போனிலேயே வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். நாலாவது சிவசாமி வீட்டுக் கல்யாணம். அவர் மட்டும் நேரிலே வந்தார்.

"ஆத்தா, நா வேற வண்டி பாத்துக்கறேன்னுதான் சொல்ல வந்தேன். ஆனா எம் மவன் வசந்த் ஒரே புடியா நிக்கிறான். சிங்கப்பூர்லேருந்து வாரப்பல்லாம் அமுதாக்காதானே கூட்டியாந்துச்சு, அது வண்டிலதான் ஏறுவேங்கிறான்."

அமுதவல்லிக்கு மனசு குளிர்ந்தது. அது ஒரு நிமிசம்தான் நிலைத்தது.

"அதனால," சிவசாமி தொண்டையைக் கனைத்தார், "நாகராச பின்னாடியே காலி வண்டியோட வரச் சொல்லிருக்கேன். ஒரு பாதுகாப்புக்குத்தான். தப்பா எடுத்துக்காத."

"சரிங்க மாமா. வரட்டும்."

வாய்தான் சொன்னது. இந்த ஒன்பது வருசத்தில் அவள் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியை யாரும் காவலுக்கு நிறுத்தியதில்லை. அதுவும் நாகராசு! ஸ்டாண்டில் இரண்டாவது வண்டிக்காரன். போன மாதம்தான் புது ஆல்டர்னேட்டர் மாட்டிவிட்டு, "நூத்தியிருபது ஆம்ப்ஸ் தங்கச்சி! வண்டிக்குள்ள கல்யாண மண்டபமே நடத்தலாம்" என்று டீக்கடையில் கேட்காதவனிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இந்தத் தடவையும் அவள் வண்டி நின்றால், ஊர்வலத்துக்கு இனி அவள் வண்டியை ஒருத்தரும் கூப்பிடப் போவதில்லை. நாகராசு கூப்பிடாமலே வந்து நிற்பான்.

அன்றைக்கு வீட்டில் அருள்மணிக்குச் சோறு இறங்கவில்லை. ஆல்டர்னேட்டர் என்பது இஞ்சினோடு சேர்ந்து சுற்றி, கரண்ட் எடுத்து, பேட்டரிக்கு ஊட்டுகிற சாமான். அதை எரித்தது தன்னுடைய பல்புகள்தான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆடி முழுக்க அது ஒட்டுப்போட்ட நிலையில் பகல் சவாரிக்கு மட்டும் தள்ளாடிக்கொண்டிருந்தது.

"இந்தா," என்றான். பொண்டாட்டியை அவன் கூப்பிடுகிற பெயர் அதுதான். கல்யாணமாகி இருபது வருசத்தில் அவள் பெயரை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேசன் கடையில் சம்சாரம் பெயர் என்னவென்று கேட்டால் கார்டை நீட்டுவான். அவர்கள் வீட்டில் அப்படித்தான், அவன் அப்பாவும் அப்படித்தான். "இந்தா, சிவசாமி அண்ணன் வீட்டு அழைப்புக்கு லைட்டே வேணாம். பூ மட்டும் கட்டிக்கலாம். ஒனக்கு அசிங்கம் வராம இருந்தாப் போதும்."

அமுதவல்லிக்குச் சுள்ளென்று வந்தது.

"லைட்டு இல்லாமப் போனாத்தான் எனக்கு அசிங்கம். பயந்துகிட்டு இருட்டா வந்துருச்சும்பாய்ங்க. ஒரு பல்பு கொறையக் கூடாது, சொல்லிட்டேன்."

"அப்பறம் என்னதான் பண்ணச் சொல்ற? நாகராசு போட்ட மாதிரி நூத்தியிருபது வாங்கிப் போட்டுருவமா?"

ஒரு விசயம் அவளுக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அவள் வண்டி திருச்சி ரோட்டில் ஏசி, விளக்கு, பாட்டு எல்லாம் போட்டுக்கொண்டு எத்தனை மணி நேரம் ஓடினாலும் சோர்ந்ததில்லை. ஊர்வலத்தில் மட்டும், வண்டி ஊர்கிறபோது மட்டும், மயில் மங்கும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மயிலுக்கு உயிர் வரும். மிதித்தால் இரைச்சல், நாதஸ்வரக்காரர் திரும்பி முறைப்பார். காலை எடுத்தால் மறுபடியும் மயில் மங்கும். பல்பு கட்டுகிறவனுக்கு அது தெரியவில்லை, அவன் முன்னால் மைக்கோடு போய்விடுவான். ஸ்டீரிங்கில் உட்கார்ந்து அந்த இரண்டு மணி நேரத்தையும் காலால் உணர்ந்தவளுக்குத் தெரிந்தது.

"உங்க மீட்டர எடுத்துட்டு வாங்க," என்றாள்.

வாசலில் வண்டியை நிறுத்தி, சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் எல்லாவற்றையும் போட்டார்கள். பூ, மயில், ஓடுகிற விளக்கு, ஹெட்லைட், மாப்பிள்ளைக்கு ஏசி. அருள்மணி ஒயரைச் சுற்றி மீட்டரை மாட்டி, எத்தனை ஆம்ப்ஸ் கரண்ட் இழுக்கிறது என்று படித்தான். நாற்பத்தெட்டு.

"நாப்பத்தெட்டுதானா?" அவனுக்கே ஆச்சரியம். "நம்ம பழசு எழுபத்தஞ்சு ஆம்ப்ஸாச்சே! எப்புடிப் பத்தாமப் போச்சு?"

"எழுபத்தஞ்சு ஓடுறப்ப குடுக்கும். நம்ம எங்க ஓடுனோம்? நின்னுகிட்டுல்ல இருந்தோம்," என்றாள் அமுதவல்லி.

அருள்மணி மீட்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அப்புறம் உள்ளே போய் இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் புதுக்கோட்டையில் பிராங்க்ளின் கடை. ராஜவீதிக்குப் பின்சந்தில் முப்பது வருசமாக ஆட்டோ எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிற மனுசர். மாவட்டத்தில் பாதி வண்டிகளின் வயிறு அவருக்குத் தெரியும். வந்த விசயத்தைச் சொன்னதும் மூன்று ஆல்டர்னேட்டரை எடுத்து மேசையில் வைத்தார்.

"மூணுக்கும் பின்னாடி பிரேக்குக்குக் காத்து இழுக்குற பம்ப் இருக்கு, பாத்துக்கங்க. ஒங்க வண்டிக்கு அது இல்லாம போட்டா பிரேக்கு மிதிக்க முடியாம கட்டையாயிரும். இது ரீகண்டிசன், பழச சரி பண்ணுனது. இது தொண்ணூறு, புதுசு. இது நூத்தியிருபது, அதுவும் புதுசு. எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க. ஒங்க ஸ்டாண்டு நாகராசுகூட இதுதான்."

நூற்றியிருபது பார்க்கவே பளபளவென்று இருந்தது. எண்ணைப் பெரிதாக அச்சடித்த ஸ்டிக்கர் வேறு. டிரைவர்கள் அந்த ஸ்டிக்கரைக் கிழிக்கவே மாட்டார்கள், பானெட்டைத் திறந்து காட்ட வேண்டுமல்லவா! அருள்மணியின் கை தானாகவே அதன் பக்கம் போனது.

"அண்ணே, இது நின்னுகிட்டு இருக்கறப்ப எவ்வளவு குடுக்கும்?" என்றாள் அமுதவல்லி.

"நூத்தியிருபதும்மா. அதான் எழுதியிருக்கே."

"எழுதியிருக்கறது வேகமா சுத்துறப்பண்ணே. வண்டி நின்ன எடத்துல, ஆக்சிலேட்டர்ல காலே வைக்காம இருந்தா எவ்வளவு குடுக்கும்? எனக்கு நாப்பத்தெட்டுக்குக் கொறையக் கூடாது."

பிராங்க்ளின் கண்ணாடியைக் கழற்றினார். கடையில் நின்ற லாரிக்காரர் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"தங்கச்சி, முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். ஒருத்தரும் இப்புடிக் கேட்டதில்ல."

"முப்பது வருசமா ஒருத்தரும் மாப்பிள்ளைய எறக்கித் தள்ள விட்டுருக்க மாட்டாங்கண்ணே. நான் விட்டுருக்கேன்."

அதற்குப் பிறகு லாரிக்காரர்கள் சிரிக்கவில்லை.

அவர் கடையின் மூலையில் ஒரு மேசை இருந்தது. ரிப்பேர் பண்ணிய ஆல்டர்னேட்டரை அதில் மாட்டி, மோட்டாரால் சுற்றவிட்டுப் பார்ப்பார். சாதாரணமாக ஒரே வேகத்தில்தான் சுற்றவிடுவார், முள் ஏறினால் சரி. அமுதவல்லி விடவில்லை. வண்டி நின்ற இடத்தில் இஞ்சின் சும்மா ஓடுகிறபோது என்ன வேகமோ அந்த வேகத்தில் சுற்றச் சொன்னாள். மனுசர் முணுமுணுத்துக்கொண்டே நூற்றியிருபதை ஏற்றினார். சுற்றியது. முள் நகர்ந்தது. முப்பது, முப்பத்துமூன்று, முப்பத்தாறு. அதோடு நின்றுவிட்டது.

"கொஞ்சம் சூடாகட்டும்," என்றார் பிராங்க்ளின். சூடானது. முள் முப்பத்துநாலுக்கு இறங்கியது.

ரீகண்டிசன் முப்பதைத் தொடவே திணறியது. மூன்றாவதாகத் தொண்ணூறை ஏற்றினார். ஸ்டிக்கர்கூட ஒழுங்காக ஒட்டாத, சாம்பல் நிறச் சாமான். முப்பது, நாற்பது, ஐம்பது. ஐம்பத்தைந்தில் நின்றது. அருள்மணி மூச்சை விட்டான். அமுதவல்லி விடவில்லை.

"கால் மணி நேரம் சுத்தட்டும்ண்ணே."

கால் மணி நேரம் கழித்து ஐம்பத்திரண்டு. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

"இதக் குடுங்க," என்றாள். அந்த நிமிசத்தில் அவள் முதுகு நிமிர்ந்தது பாருங்கள், அதை அருள்மணி கவனித்தான். பிராங்க்ளினும் கவனித்தார். அவரே கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து வண்டியில் மாட்டினார், வேலையாளை விடவில்லை. மாட்டி முடித்ததும் அருள்மணி பயபக்தியோடு சந்தனத்தைக் குழைத்து எடுத்துவந்தான்.

"அந்த ஓட்டைல அப்பிறாதீங்க! அதுல காத்துப் போனாத்தான் சூடு தணியும். பானெட்டுல வைங்க, சாமி கோவிச்சுக்காது," என்றாள் அமுதவல்லி.

ஆவணி முதல் முகூர்த்தம். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வசந்த் பிள்ளையார் கோயில் வாசலில் அவள் வண்டியில் ஏறினான். அலங்காரத்தில் ஒரு பல்பு குறையவில்லை. சொல்லப்போனால் அருள்மணி வீம்புக்கு இன்னொரு மயிலைச் சேர்த்திருந்தான். அவள் மிரட்டிய பிறகு மீட்டர் வைத்துப் பார்த்து, ஐம்பது என்று காட்டிவிட்டுத்தான் மாட்டினான். முன்னால் நாதஸ்வரம், அதற்கும் முன்னால் தள்ளுவண்டியில் ரேடியோ செட்டு, மைக்கோடு அருள்மணி. "வாணவேடிக்கை உபயம், தாய்மாமன் அவர்கள். பூ அலங்காரம் உபயம், மாப்பிள்ளையின் நண்பர்கள்" என்று ஒருவர் பெயர் விடாமல் சொல்லிக்கொண்டே போனான்.

பின்னால் நாகராசு. சும்மா வந்தானா? அவனும் வண்டியில் சரம் சரமாக விளக்குக் கட்டி, ஏசி போட்டு, டிக்கியில் பெட்டி வைத்துப் பாட்டும் அலறவிட்டிருந்தான். எந்த நிமிசமும் மாப்பிள்ளை தன் வண்டிக்கு மாறுவார் என்று தயாராக வந்த கோலம். கண்ணாடியில் அவன் வண்டி தெரியும்போதெல்லாம் அமுதவல்லிக்குப் பிடரி சுட்டது. தெருவில் நின்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அவள் வண்டியின் சக்கரத்தைத்தான் பார்த்தார்கள். இரண்டு பயல்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். எதற்காக என்று சொல்ல வேண்டுமா!

அவள் மயிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு மணி நேரம் ஆனது. மங்கவில்லை. காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மங்கவில்லை.

ஏழே முக்காலுக்குச் சிவன் கோயில் வாசல். இஞ்சினை அணைத்தாள். நாகராசும் அணைத்தான், பாட்டை மட்டும் நிறுத்த மனசில்லாமல் குறைத்து வைத்தான். குருக்கள் தட்டோடு வந்தார். தீபாராதனை நடந்தது. சிவசாமி கண்ணை மூடிக் கும்பிட்டார், பிறகு கண்ணைத் திறந்து சாமியைப் பார்க்காமல் அமுதவல்லியைப் பார்த்தார். தெருவே பார்த்தது. தவில்காரர் குச்சியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, அவசியமானால் சிரிக்கத் தயாராக நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கக்கா," என்றான் வசந்த் பின்சீட்டிலிருந்து. அவன் குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. மயில் இரண்டும் தோகையோடு நின்றன.

அமுதவல்லி கியரைப் போடப் போனாள். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டொக்.

மறுபடியும் டொக். நாகராசு வண்டியின் விளக்குகள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்துவிட்டு ஒரேயடியாக மூடிக்கொண்டன. பாட்டு இழுத்துக்கொண்டு நின்றது. செல்போன் பிடித்திருந்த இரண்டு பயல்களும் அப்படியே பின்னால் திரும்பினார்கள்.

"நீ கெளம்பு ஆத்தா! நல்ல நேரம் இருக்கறப்பவே போயிருவோம். அவன் கெடக்கான்," என்றார் சிவசாமி. இத்தனை நாள் இல்லாத உற்சாகம் அவர் குரலில்.

அமுதவல்லி கண்ணாடியில் பார்த்தாள். நாகராசு ஸ்டீரிங்கில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தான். அந்த உட்காரல் அவளுக்குத் தெரியும்.

"ரெண்டே நிமிசம் மாமா. நம்ம ஸ்டாண்டு வண்டி நடுரோட்டுல நின்னா எனக்கும் அசிங்கம்தான்."

இறங்கினாள். டேய், படம் பிடித்தது போதும், வந்து தள்ளுங்கடா என்று அந்த இரண்டு பயல்களை அதட்டி, நாகராசு வண்டியைத் தன் வண்டியோடு ஒட்டி நிறுத்த வைத்தாள். தன் டிக்கியிலிருந்து ஒயரை எடுத்து, பேட்டரிக்குப் பேட்டரி மாட்டினாள். மாப்பிள்ளை உள்ளேயே உட்கார்ந்திருந்தான், மேலே ஏசி, பக்கத்தில் மயில். அத்தனையும் எரிந்துகொண்டிருக்கும்போதே அவள் வண்டி பக்கத்து வண்டிக்கும் ஊட்டியது. நாகராசு சாவியைத் திருப்பினான். பிடித்துக்கொண்டது.

அவன் இறங்கி வந்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவனால்.

"உள்ள என்ன போட்டிருக்க தங்கச்சி? நூத்தம்பதா?"

"தொண்ணூறுண்ணே."

"தொண்ணூறா!"

"பிராங்க்ளின் அண்ணன்கிட்ட போங்க. மெதுவா சுத்தவிட்டுப் பாத்து வாங்குங்க. அந்த ஸ்டிக்கரப் பாக்காதீங்க." ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். அப்புறம் குரலைத் தணித்தாள். "லைட்டெல்லாம் அணைச்சுட்டு வாங்கண்ணே, மண்டபம் வரைக்கும் வந்துரலாம்."

சிவசாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மறு தோளில் போட்டார். "நாகராசு, நீ மண்டபம் வரைக்கும் வரத் தேவையில்லப்பா. பின்னாடி வண்டி வேணாம்," என்றார். எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னார்.

அமுதவல்லி ஏறிக் கதவைச் சாத்தினாள். முன்னால் அருள்மணி மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அவன் வரிசைப்படி அடுத்துச் சொல்ல வேண்டியது பந்தல் உபயம். சொல்லவில்லை. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, அவன் தொண்டையா, ஸ்பீக்கரா தெரியவில்லை.

"மாப்பிள்ளைய... கால் தரையில படாம... மண்டபத்துக்குக் கொண்டு சேக்குறவுங்க," என்றான். நாலு குழாய் ஸ்பீக்கரிலும் அது தெருக்கோடி வரைக்கும் போனது. "திருவரங்குளம் கார் ஸ்டாண்டு... அமுதவல்லி."

இருபது வருசமாக அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

"என் சம்சாரம்," என்றான் அருள்மணி.

தவில்காரர் யாரும் கேட்காமலே ஓங்கி ஒரு அடி அடித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். பின்சீட்டில் வசந்த் மாலை நசுங்க முன்னால் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, அழுவுறீங்களா?"

"ஆமாண்டா," என்றாள் அமுதவல்லி. "காலத் தூக்கி நல்லா உள்ள வச்சு உக்காரு."

முதல் கியரைப் போட்டாள். வண்டி நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. மண்டபம் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் மயிலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.